ஒன்றிலிருந்து ஐந்து வரை

பிப்ரவரி 3

பொடிசே,

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் போன் ஆபீஸ் கொடுத்த போன். அதில் யார் காது வைத்துக் கேட்கிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் இனிமேல் காகிதம்தான். நீயும் காகிதத்திலேயே பதில் போடு. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாவதோடு நின்றவள் கை. கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள்.

இங்கே சலவைக்கூடத்தில் ஒரு புதுக் கூத்து. உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். சின்னப் பெண். நடந்தால் சத்தமே வராத செருப்பு. கிழிசல் தைக்கிற அறையை ஒழித்து, மேசை போட்டு, கம்ப்யூட்டரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். அவள் கேள்வி கேட்பாள், நாங்கள் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் தாங்கவே முடியாது. ஐந்து என்றால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. எதைத் தாங்குவது என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதை. இதற்கெல்லாம் ஒரு அளவுகோல் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்.

என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிறவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவள் குரல் மெஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கேட்கும், அதனால் எல்லோருக்கும் அவள் கீச்சு. திரும்பி வந்ததும் விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடித்தாள், இரண்டை நான் பிடித்தேன். மூலைகள் சேரும்போது மட்டும்தான் நாங்கள் பேச முடியும், உனக்குத் தெரியுமே. கிட்டே வந்தால் ஒரு வரி, விலகினால் மௌனம்.

“நாளைக்கு என்ன வேலைன்னு இன்னைக்கே தெரியலேன்னா எப்படி இருக்கும்னு கேக்கறா.”

விலகினோம், வந்தோம்.

“நீ என்ன சொன்னே?”

“எல்லாத்துக்கும் அஞ்சு. தைரியமான பொம்பளைன்னு எழுதிக்கட்டும்.”

விலகினோம், வந்தோம்.

“அடிப்பாவி, அஞ்சுன்னா அஞ்சு ஆள் வேலையையும் உன் தலையில கட்டப் போறாங்க.”

அவள் முகம் செத்துப்போனது. அடுத்த விரிப்பு கோணலாக மடிந்தது. தேநீர் வேளையில் பார்த்தால் ஆளுக்கு ஒரு கதை. ஒன்று சொன்னவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று தேய்ப்பு மெஷின்காரர் சொன்னார். ஐந்து சொன்னவர்களைத்தான் அனுப்புவார்கள், அவர்கள்தான் அழாமல் போவார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எனக்கு வேறு சந்தேகம். உன் அத்தான் போய் நாலு மாதம் ஆகிறது. பாய்லர் அறையில் கிடந்தார், நெஞ்சு நின்றுவிட்டது, விழுந்த வேகத்தில் குழாயில் மோதி நீராவி பட்டுவிட்டது என்றார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். கழுத்துக்குக் கீழே நம் சலவைக்கூடத்து வெள்ளை விரிப்பு. நான் மடித்ததாகக்கூட இருக்கும். ஆஸ்பத்திரியிலும் இதயம் நின்றது என்றே எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் நிற்பது அதுதானே. நெஞ்சு முதலில் நின்றதா, நீராவி முதலில் வந்ததா? இந்த ஒன்றைத்தான் வாராவாரம் மேனேஜர் அறை வாசலில் போய் நின்று கேட்கிறேன். “விசாரணை நடக்குதும்மா, முடிவு இன்னும் தெரியலை” என்பார். நல்ல மனிதர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வார்.

அத்தான் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆளிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். “பழைய பாய்லர், ரொம்பத் தொல்லை பண்ணுதா தம்பி?” என்றேன். “எது பழசு? நான் வந்தப்பவே எல்லாம் புதுசா இருந்துச்சுக்கா. வால்வு புதுசு, குழாய் புதுசு, பெயிண்ட் வாசனைகூடப் போகலை” என்றான். நெஞ்சு நின்ற மனிதருக்காக எதற்குக் குழாயை மாற்றுவார்கள்?

இப்போது வந்து, தெரியாமல் இருப்பதை எவ்வளவு தூரம் தாங்குவாய் என்று கேட்கிறார்கள். எல்லோரையும் கேட்பதே என் ஒருத்தியைக் கேட்பதற்காகத்தானோ என்று தோன்றுகிறது. பைத்தியம் என்று சொல்லாதே.

வீட்டில் துணிக்கொடி தொய்ந்துவிட்டது. அவிழ்த்து இறுக்கிக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் கட்டிய கம்பி. என் கை கீறக்கூடாது என்று நுனியை உள்பக்கமாக மடித்துச் செருகியிருக்கிறார். துணி தரையில் புரண்டாலும் பரவாயில்லை, அப்படியே தொங்கட்டும்.

அவரைக் கொண்டுபோன அன்று நீ வந்தாய், சாயங்காலமே கிளம்பிவிட்டாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ உட்கார்ந்திருப்பது அதே கம்பெனியின் நாற்காலி. இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று மட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது.

நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. இது எல்லாக் கிளைகளிலும் நடக்கிற பொதுவான மதிப்பீடு. வேலையில் மாற்றங்கள் வரும்போது யார் யாருக்கு எந்த அளவு சிரமம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக. சரியான பதில், தவறான பதில் என்று எதுவும் கிடையாது. மனதில் பட்டதைச் சொன்னால் போதும்.

ஆனால் ஐந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மூன்று என்று சொல். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் மூன்று.

அத்தானைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நீயாக எதுவும் பேசாதே. அவளே பேச்செடுத்தாலும் பிடி கொடுக்காதே. எடுத்தாளா? அதை மட்டும் எனக்கு எழுது.

அன்று நான் உடனே திரும்பியதைப் பற்றி நேரில் சொல்கிறேன். இங்கே யாருக்கு நாற்காலி இருக்கும், யாருக்குப் போகும் என்று தெரியாத வாரம் அது. லீவு கேட்க வாய் வரவில்லை. இதை உன்னிடம் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தங்கை


பிப்ரவரி 19

பொடிசே,

நலம், நலமறிய ஆவல் என்று எனக்கு எழுத உன்னை யார் பழக்கினார்கள்? கடன் கேட்கப் போகிற தூரத்துச் சொந்தம் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

உன் கடிதத்தை நான் ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். சரி தப்பு எதுவும் இல்லை என்கிறாய். அடுத்த வரியில் மூன்று சொல் என்கிறாய். சரி தப்பு இல்லாத பரீட்சைக்கு எதற்கடி விடை சொல்லிக்கொடுக்கிறாய்? அத்தான் பேச்சை எடுத்தாளா என்று கேட்கிறாய். எடுப்பாள் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். கிழிசல் தைக்கிற அறையில் நூல்கண்டுகளை எல்லாம் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். குடிக்கவில்லை. மெதுவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி கேட்டாள். “திடீர்னு உங்க வேலை நேரத்தை மாத்தினா? உங்களுக்கு மேலே இருக்கறவர் காரணம் சொல்லாம ஒரு முடிவு எடுத்தா?” எல்லாவற்றுக்கும் இரண்டு, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ மூன்று என்று சொன்னதால்தான் நான் மூன்று சொல்லவில்லை. அதையும் தெரிந்துகொள்.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. இதற்கு எண் வேண்டாம், நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள்.

“உங்கம்மா வெளியே போயிருக்காங்க. மழைக்கு முன்னாடி வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாங்க. மழை வந்துடுச்சு, அம்மா வரலை. நீங்க என்ன செய்வீங்க? வாசல்ல நின்னு பார்ப்பீங்களா? தேடிப் போவீங்களா? கையில இருக்கற வேலையைத் தொடர்ந்து பார்ப்பீங்களா? இல்ல, ஒரு துண்டை அடுப்புப் பக்கத்துல காட்டிச் சூடு பண்ணி வைப்பீங்களா?”

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன், பொடிசே.

அம்மாவைத் தேடிப் போகவும் வாசலில் நிற்கவும் ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தோன்றும். துண்டைச் சூடு பண்ணி வைக்க யாருக்குத் தோன்றும்? நான் வாசலில் நின்று நனைவேன். நீ அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து, துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு, “வருவாங்கக்கா, நீ உள்ள வா” என்பாய். அம்மா வந்ததும் அந்தச் சூட்டோடு தலையைத் துவட்டிவிட்டு நல்ல பெயரை நீ வாங்கிக்கொள்வாய். நனைந்ததற்கு வசவு எனக்கு.

“இதை யாரும்மா எழுதினது?” என்று கேட்டேன்.

“ஹெட் ஆபீஸ்ல எழுதினது.”

“ஹெட் ஆபீஸ்ல யாரு?”

“அது எனக்குத் தெரியாதும்மா. உங்க பதில்?”

“வாசல்ல நிப்பேன்.”

டக் என்று ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். நம் அம்மா மழையில் வந்ததற்கு ஒரு தட்டு.

கடைசிக் கேள்வி இது: “நிர்வாகத்துக்கிட்ட நீங்க கேட்ட ஒரு விஷயத்துக்குப் பதில் வரலை. எப்ப வரும்னும் தெரியலை. அதோடயே தினமும் வேலைக்கு வந்து போறது உங்களுக்கு எவ்வளவு சிரமம்?” கீச்சுவிடம் வந்து கேட்டேன். அவளுக்கும் இதே கேள்விதான் என்றாள். “நான் என்ன கேட்டேன் நிர்வாகத்துக்கிட்ட? கக்கூஸ் தாழ்ப்பாளைத்தான் கேட்டேன்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீதானே எழுதினாய்? அந்தக் கடைசிக் கேள்வியும் உன் கையா?

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

நான்தான் எழுதினேன்.

கேள்விகள் வேறு மொழியில் வந்தன. படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி நம் பேச்சில் மாற்றிக் கொடு என்று என்னிடம் தந்தார்கள். ஒரு இடத்தில் மட்டும், வீட்டு வாழ்க்கையிலிருந்து நீயே ஒரு கேள்வியை யோசித்துப் போடு என்றார்கள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ அந்த நாற்காலியில் உட்காருவாய் என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். கடைசிக் கேள்வி என்னுடையதல்ல. நான் மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அந்த வரியை மாற்றும்போது உன் முகம் வந்தது. இருந்தும் மாற்றினேன்.

எதற்கு இந்த மதிப்பீடு என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நம்ப மாட்டாய், ஆனால் அதுதான் உண்மை. என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதே மாதிரி ஒன்றை முதலில் எங்களுக்குத்தான் நடத்தினார்கள். என் பிரிவிலேயே எனக்குத்தான் எண் அதிகம். தெரியாமல் இருப்பதில் இவளுக்கு ஒரு சிரமமும் இல்லை என்று வந்தது. பக்கத்து மேசைகள் காலியாயின, என் மேசை இருந்தது. கேள்வி கேட்காமல் இருப்பது ஒரு திறமை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தானைக் கொண்டுபோன அன்று நான் ஓடி வந்தது அந்த மேசைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தான் போனதும் பாய்லரைப் பார்வையிட்ட பரிசோதகர் போன மாதம் இங்கே வந்தார். கண்ணாடி அறையில் பெரியவர்களோடு உட்கார்ந்தார். நான் தேநீர் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தினேன். முழுதாகச் சாத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு சொல் காதில் விழுந்தது. அதை உனக்கு எழுத மாட்டேன். தனியாக அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? அது உன்னைத் தூங்க விடாது.

கோபித்துக்கொள். ஆனால் பதில் போடு. ஊரிலிருந்து கொண்டுவந்த என் பெட்டியை இன்னும் மாற்றவில்லை. கைப்பிடி அறுந்தபோது அத்தான் கம்பி சுற்றிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. தடவிப் பார்த்தால் நுனி எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை.

பொடிசு


மார்ச் 8

பொடிசே,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கிழித்துப் போட நினைத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு வைத்துக்கொண்டேன்.

நீ கேள்வி கேட்காமல் இருந்து மேசையைக் காப்பாற்றினாய். உன் அத்தானும் அப்படித்தான். அவரைக் கொண்டுபோய் அந்தப் பெண் முன்னால் உட்கார வைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து சொல்லியிருப்பார். உனக்கு இதை நான் சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்க, பாய்லர் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவரிடம் கேட்டேன்.

“மெக்கானிக் எப்ப வர்றாராம்?”

“தெரியலை. ஆஸ்பத்திரி ஆர்டர் நிறைய இருக்கு, அதுவரைக்கும் ஓட்டச் சொல்றாங்க.”

“ஓட்டலாமா?”

“பார்த்துக்கலாம்.”

“எனக்கென்னவோ மனசு சரியில்லை. இன்னைக்கு லீவு போடுங்களேன்.”

“உனக்கு என்னைக்குத்தான் மனசு சரியா இருந்துச்சு?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஐந்து சொல்கிறவர் அப்படித்தான் சிரிப்பார். ஒன்று சொல்கிற நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

இங்கே முடிவு வந்துவிட்டது. ஐந்து சொன்னவர்களுக்கெல்லாம் இனிமேல் நிலையான நாள் கிடையாது. கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் இல்லை. உங்களுக்குத்தான் சிரமமே இல்லையே என்று சொல்லிவிட்டார்களாம். கீச்சு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். குளிக்கப் போகும்போதுகூட ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போகிறாளாம். விரிப்பின் அந்தப் பக்கம் எனக்குத் தினம் ஒரு புது முகம். யாருக்கும் என் வேகம் தெரியவில்லை, எனக்கும் அவர்கள் வேகம் தெரியவில்லை. மூலையோடு மூலை சேரவே மாட்டேன் என்கிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

“டெஸ்ட்ல உங்களுக்கு ஒண்ணும் ரெண்டுமாத்தான் வந்திருக்கும்மா. பாவம், எதுவும் நிச்சயமா இல்லேன்னா நீங்க ரொம்பக் கஷ்டப்படறீங்க. அதனால உங்களுக்கு நிரந்தரமா பகல் வேலை. ஒரே இடம், ஒரே நேரம். ஓய்வு வயசு வரைக்கும் மாத்த மாட்டோம்.”

“சரிங்க.”

“உங்க வீட்டுக்காரர் விஷயமும் முடிஞ்சிடுச்சு. இதயம்தான். விசாரணையில திருப்தின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. அதுக்கப்புறம் உங்க மனசுக்கும் நிம்மதி.”

பார்த்தாயா? எனக்கு எது இல்லாமல் இருக்க முடியாது என்று என் வாயாலேயே வாங்கிக்கொண்டு, அதையே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்ததும் இன்னொரு சந்தேகம் வந்தது. இந்த நிரந்தர வேலை என் எண்ணுக்காக வந்ததா, இல்லை நீ யாரிடமாவது போய்ச் சொல்லி வந்ததா? உன்னைச் சந்தேகப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.

அந்தச் சொல்லை எழுது. தூங்குவதும் தூங்காததும் என் பாடு.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்தச் சொல் ‘கம்பி’.

உன் கடிதம் வந்த பிறகு பரிசோதகர் மறுபடி இங்கே வந்தார். அவர் வண்டி நிறுத்துகிற இடத்தில் போய் நின்றேன். யாருடைய தங்கை என்று சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றார். பிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுகிற வால்வு ஒன்று இருக்கும். அது அடிக்கடி திறந்து வேலை நின்றுபோகிறது என்று, திறக்காமல் இருக்க யாரோ கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அது திறக்கவில்லை. குழாய் இணைப்பு விட்டுப்போனது.

நெஞ்சு முதலில் நிற்கவில்லை, அக்கா.

யார் கட்டியது என்று கேட்டேன். “பாய்லர்காரரே கட்டினார்னு அவங்க சொல்றாங்க” என்றார். யார் கட்டச் சொன்னது என்று கேட்டேன். வண்டியில் ஏறிவிட்டார்.

இப்போது புரிகிறதா? நீ கையெழுத்துப் போட்டால் இதயம். நீ மேலே மேலே கேட்டால், அவரே கட்டினார், அவர் தப்பு, அவர் கையாலேயே போனார் என்று எழுதிவிடுவார்கள். இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அத்தான் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும். உன் வேலையும் போகும்.

கையெழுத்துப் போட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நானாவது நிம்மதியாக

இல்லை, அதை அடித்துவிட்டேன். எனக்காக அல்ல. உனக்காகச் சொல்கிறேன்.

பொடிசு


மார்ச் 25

பொடிசே,

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடைசிக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்துதான் எழுதினாயா? பக்கத்தில் யாரும் இல்லையே? உன் எழுத்து எப்போதும் வரி முடியும்போது மேலே ஏறும். இதில் கடைசிவரை நேராக இருக்கிறது. கையெழுத்துப் போடு என்று அவர்கள் சொன்னதும் நீ சொன்னதும் ஒரே வாயில் வந்த மாதிரி இருக்கிறது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நீ அடித்த அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இது உன் கடிதம் என்று நம்பினேன். அவர்கள் சொல்லி எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

வண்டி பக்கத்தில் போய் நின்றாயே, அது போதும். நீ முதல் தடவையாக வாசலில் நின்றிருக்கிறாய்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

இன்று காலையில் மேனேஜரிடம் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

“வால்வைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னது யாருங்க?”

அவர் தலை சாயவில்லை. முதல் தடவையாக நேராக இருந்தது.

“யாரும்மா உங்ககிட்ட இதெல்லாம் சொல்றது?”

உன் பேரைச் சொல்லவில்லை. பரிசோதகர் பேச்சையும் எடுக்கவில்லை. “எல்லாமே புதுசா இருக்கே, அதான் கேட்டேன்” என்றேன்.

“பாருங்கம்மா, உங்களால தாங்க முடியாதுன்னுதான் இதை இதோட முடிக்கலாம்னு பார்த்தோம். இல்லேன்னா அவர் பேர்லதான் வந்து நிக்கும். அப்புறம் எப்ப முடியும், எப்படி முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தப் பகல் வேலையும் கிடையாது.”

“அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்க. வேற எண் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நானும் கூப்பிட்டால் வருகிற ஆள்தான். வெளிக்கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் கீச்சு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். “வா வா, ஒண்ணும் இங்கதான் வந்துச்சா? அப்ப எதுக்குடி நம்மகிட்ட அவ்வளவு கேள்வி கேட்டாங்க?” என்றாள். இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். காவல்காரர் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு வேலை உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. கீச்சுவுக்குத் தெரிந்த ஒருவர் தொழிலாளர் வழக்கெல்லாம் பார்க்கிறாராம், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவர்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் போவேன்.

உனக்கும் இதனால் ஏதாவது வரும். அது தெரியாமல் நான் செய்யவில்லை. மேசை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. இருக்கிற இரண்டு அறை நமக்குப் போதும்.

வீட்டுக்கு வந்து துணிக்கொடி பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அவர் எதைக் கட்டினாலும் இப்படித்தான். கொடி, ஜன்னல் கொக்கி, உன் பெட்டி. கம்பியை முறுக்கி முடித்ததும் குறடால் நுனியை மடித்து உள்ளே தள்ளிவிடுவார். பிறகு கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார், குத்துகிறதா என்று. அவசரத்திலும் விட மாட்டார். வேறு ஒருவன் கட்டியிருந்தால் முறுக்கிவிட்டுப் போயிருப்பான், நுனி நீட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

வால்வைக் கட்டிய கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அது அவர் கை இல்லை. நான் நிமிர்ந்து நடப்பேன். மடிந்திருந்தால் அவர்தான் கட்டினார். ஆஸ்பத்திரி ஆர்டர் முடியட்டும் என்று யாரோ சொல்ல, பார்த்துக்கலாம் என்று கட்டியிருக்கிறார். அப்போதும் பின்னால் வருகிறவன் கை கீறக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அதையும் நான் தாங்கிக்கொள்வேன். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், எது என்று தெரிந்தால் போதும்.

அந்தக் கம்பியை அறுத்து எங்கே எறிந்தார்களோ. நீ அதைப் பார்த்தவள் இல்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு சொல்லைக் கேட்டவள். உன்னால் சொல்ல முடியாது என்று தெரியும். உன்னை விட்டால் நான் வேறு யாரைக் கேட்பேன்?

பொடிசே, அந்த நுனி உள்ளே மடிந்திருந்ததா, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா?